பிரமோஷன் வந்திருக்கிறது, வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள்

கரிசல்மகள் எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இதைப் பேசினால் சண்டையில் முடிகிறது. ஆபீஸில் பேசினால் மறுநாளே ஊர்க்கதை.

ஊர் சிவகாசி. 2014-இல் வங்கிகளுக்கு ஆள் எடுக்கிற ஐ.பி.பி.எஸ். தேர்வு எழுதி ஒரு பொதுத்துறை வங்கியில் புரபேஷனரி ஆஃபீசராகச் சேர்ந்தேன். இப்போது ஸ்கேல் 2, அதாவது அதிகாரிகளில் இரண்டாம் படிநிலை, சாத்தூர் பக்கம் ஒரு கிராமக் கிளையில் மேலாளர். கணவர் ஆஃப்செட் பிரஸ் வைத்திருக்கிறார், முக்கியமாகக் காலண்டர் வேலை. மகள் இரண்டாம் வகுப்பு. அத்தையும் எங்களோடுதான் இருக்கிறார்கள்.

போன வாரம் ஸ்கேல் 3 பிரமோஷன் பட்டியல் வந்தது. என் பெயர் இருக்கிறது. போஸ்டிங் எந்த ஊர் என்று இன்னும் வரவில்லை, ஆனால் எங்கள் வங்கியில் ஸ்கேல் 3 என்றால் பெரும்பாலும் வெளிமாநிலம்தான். போன முறை போனவர்கள் ஒடிஷாவிலும் சத்தீஸ்கரிலும் இருக்கிறார்கள்.

எனக்குப் போக வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "நல்ல மருமகள் என்ன செய்ய வேண்டும்" என்று கேட்க நான் வரவில்லை.

ஏன் போக வேண்டும் என்பதற்குச் சம்பளம் மட்டும் காரணம் இல்லை. கிராமக் கிளையில் நகைக்கடன், பயிர்க்கடன், சுயஉதவிக் குழு என்று நாள் ஓடும். அதுவும் நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் எனக்குப் பிடித்தது கடன் ஆய்வு. ஒரு சின்ன யூனிட்டின் பேலன்ஸ் ஷீட்டைப் பிரித்து, ஸ்டாக் எவ்வளவு, வெளியே நிற்கிற பாக்கி எவ்வளவு, அது எத்தனை நாளில் திரும்பி வருகிறது என்று பார்த்து, இவருக்குக் கொடுக்கலாமா, எவ்வளவு தாங்குவார் என்று முடிவு செய்கிற வேலை. தீப்பெட்டி யூனிட் ஒன்றுக்கு நான் எழுதிய நோட்டைப் படித்துவிட்டு வட்டார அலுவலகத்தில் கூப்பிட்டுப் பேசினார்கள். அந்த மேஜைக்குப் போக ஸ்கேல் 3 வேண்டும்.

இதற்காகப் படித்திருக்கிறேன். வங்கி ஊழியர்களுக்கான ஜே.ஏ.ஐ.ஐ.பி. தேர்வு கல்யாணத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. அதற்கு அடுத்த நிலையான சி.ஏ.ஐ.ஐ.பி. எழுதும்போது பாப்பா கைக்குழந்தை. மதுரையில் சென்டர். அத்தைதான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்து, பரீட்சை முடிகிறவரை வெளியே வேப்ப மர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். நான் வெளியே வந்ததும் "எழுதிட்டியா?" என்று கூடக் கேட்கவில்லை, "பிள்ளை பசியில இருக்கு, முதல்ல இதைப் பிடி" என்று கையில் கொடுத்தார்கள். அந்த அத்தைதான் இப்போது "பொம்பளப் பிள்ளைய வச்சுக்கிட்டு ஊர் பேர் தெரியாத இடத்துக்கா?" என்கிறார்கள். அதனால்தான் அவர்களை எதிரியாக நினைக்க என்னால் முடியவில்லை.

கணவரும் கெட்டவர் இல்லை. ரிசல்ட் வந்த அன்று போன் பண்ணினால் எடுக்கவில்லை, நேராகப் பிரஸ்ஸுக்கே போனேன். மெஷினுக்குப் பிளாங்கெட், அதாவது மையைப் பேப்பருக்குக் கடத்தும் ரப்பர் ஷீட், மாற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கையை வேஸ்ட் துணியில் துடைத்தார். விரல் இடுக்கில் நீல மை போகவில்லை, அதையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு "நல்ல விஷயம்தான்" என்றார். பையன்களுக்கு டீ வாங்கி வரச் சொன்னார். ராத்திரி சாப்பிட்டு முடித்த பிறகுதான், "போய்த்தான் ஆகணுமா? வேணாம்னு எழுதிக் கொடுத்தா ஒத்துக்குவாங்கல்ல?" என்று கேட்டார். அதற்குப் பிறகு தினமும் இதே பேச்சு.

அவர் பக்கம் என்ன என்றும் சொல்கிறேன். சிவகாசியில் ஆடி 18 அன்று அடுத்த வருடக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவார்கள். அதற்கு முன்பே டிசைன் தேர்வு, மாதிரி அச்சு எல்லாம் முடிந்திருக்க வேண்டும். ஆல்பத்தை எடுத்துக்கொண்டு ஏஜென்ட்கள் ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிப்பார்கள். அங்கிருந்து டிசம்பர் கடைசி வரை பிரஸ்ஸில் ராத்திரி பகல் கிடையாது. பேப்பர் விலை ஏறினால் பிடித்த ஆர்டரில் நஷ்டம். அந்த மாதங்களில் அவர் சாப்பிட வீட்டுக்கு வருவதே பெரிய விஷயம். பாப்பாவின் பள்ளி, டாக்டர், அத்தையின் சுகர் மாத்திரை எல்லாம் என் கையில். நான் போய்விட்டால் யார் பார்ப்பது என்று அவர் கேட்பது நியாயமான கேள்வி.

ஆனால் எனக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கொரோனா வருடத்தில் ஆர்டர் படுத்துவிட்டபோது வீடு ஓடியது என் சம்பளத்தில். பிரஸ் பையன்களுக்குத் தீபாவளி போனஸும் அதிலிருந்துதான் போனது. 2021-இல் ஃபோர் கலர் மெஷின், செகண்ட்ஸ்தான், வாங்கக் கடன் எடுத்தபோது ஜாமீன் கையெழுத்து என்னுடையது. வீட்டுக் கடன் ஸ்டாஃப் வட்டியில் என் பெயரில் ஓடுகிறது. இதை நான் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை, இனியும் காட்டப் போவதில்லை. எனக்கு வலிப்பது வேறு. பிரஸ்ஸுக்கு ஒன்று என்றால் எல்லோரும் குடும்பப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்து பேசுகிறோம். என் வேலைக்கு ஒன்று என்றால் அது என் ஆசையாகிவிடுகிறது. பெண் பார்க்க வந்தபோதே என் அப்பா, "இது மாற்றல் உள்ள வேலை" என்று சொல்லித்தான் பேச்சை ஆரம்பித்தார். "அதெல்லாம் பாத்துக்கலாம் மாமா" என்று சொன்னவர் இவர்தான்.

நான் கேட்க வந்தது இவ்வளவுதான். இப்போதே மறுத்து எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும்? பக்கத்து ஊராகக் கேட்க வழி உண்டா? இரண்டாம் வகுப்புப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவதா, விட்டுவிட்டுப் போவதா? இப்படிப் போய் வந்த குடும்பம் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். ஆடிக்கு முன்னால் இதைப் பேசி முடிக்க வேண்டும். அதற்குப் பிறகு அவரிடம் எதையும் பேச முடியாது.

காவிரிக்கரை எழுதியது:

அம்மா, வணக்கம். முதன்மை மேலாளராக ஓய்வு பெற்றவன், கும்பகோணம். முதலில் வாழ்த்து. உங்கள் பதிவில் அதை யாரும் உங்களுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை.

போஸ்டிங் வருவதற்கு முன்னால் எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள். மறுப்பது ஒரு வரியில் முடிந்துவிடும், ஆனால் அதன் விளைவு வங்கிக்கு வங்கி வேறு. பெரும்பாலான இடங்களில் குறிப்பிட்ட காலத்துக்கு அடுத்த பிரமோஷனுக்கு நிற்க முடியாது. உங்கள் வங்கியின் பிரமோஷன் பாலிசியை ஹெச்.ஆர். போர்ட்டலில் நீங்களே எடுத்துப் படியுங்கள். பக்கத்து சீட்டுக்காரர் சொல்வதைக் கேட்டு முடிவு செய்ய வேண்டாம்.

இப்போது விதிகள். நிதி அமைச்சகத்தின் நிதிச் சேவைகள் துறை 2014 ஆகஸ்டில் பொதுத்துறை வங்கிகளுக்கு ஒரு அறிவுறுத்தல் அனுப்பியது. திருமணமான பெண் ஊழியர்களைக் கூடியவரை கணவர் இருக்கிற ஊரிலோ அதற்கு அருகிலோ அமர்த்த வேண்டும் என்பது அதன் சாரம். 2024 நவம்பரில் மறுபடி ஒரு சுற்றறிக்கை வந்தது. மாற்றல் கோரிக்கைகளை ஆன்லைனில், ஊர் விருப்பத்தோடு வாங்க வேண்டும், பெண்களுக்குப் பக்கத்து இடங்களில் முடிந்தவரை இடம் கொடுக்க வேண்டும், கல்வியாண்டின் நடுவில் மாற்றுவதைத் தவிர்க்க வேண்டும் என்றெல்லாம் அதில் உண்டு. உங்கள் விண்ணப்பத்தில் இந்த இரண்டையும் தேதியோடு குறிப்பிடுங்கள்.

ஆனால் இது கையில் இருக்கிற உரிமை என்று எண்ணிவிடாதீர்கள். மனைவி வேலை பார்க்கும் சண்டிகருக்கே தன்னை மாற்றச் சொல்லி ஒரு வங்கி அதிகாரி போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கணவன் மனைவி ஒரே ஊரில் இருப்பது விரும்பத்தக்கதுதான், ஆனால் இந்தியா முழுக்க மாற்றல் உண்டு என்று தெரிந்து வேலைக்கு வந்தவர் அதை உரிமையாகக் கோர முடியாது என்று தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே தீர்ப்பாகிவிட்டது. ஆகவே கேட்கிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. சிவகாசிதான் வேண்டும் என்று கேட்டால் கோப்பை மூடிவிடுவார்கள். சென்னை, கோயம்புத்தூர், பெங்களூரு என்று ஒரு ராத்திரி ரயிலில் வரக்கூடிய ஊர்களாக வரிசைப்படுத்துங்கள். கடன் ஆய்வில் அனுபவம் உள்ளவர் என்பதையும் எழுதுங்கள். ஆள் தேவைப்படுகிற இடத்தில் அது எடுபடும். அதிகாரிகள் சங்கத்திலும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள்.

கடைசி வழியாக சபாட்டிகல் என்கிற நீண்ட விடுப்பு உண்டு. பெண் ஊழியர்களுக்குப் பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து இரண்டு வருடம் வரை, சம்பளம் இல்லாமல். குழந்தைக்கோ பெரியவர்களுக்கோ உடம்புக்கு முடியாமல் போனால்தான் அதைத் தொட வேண்டும். இப்போதே செலவழித்துவிடாதீர்கள்.

சொந்த விஷயம் ஒன்று. தொண்ணூறுகளில் என்னை அஸ்ஸாமில் சில்சாருக்குப் போட்டார்கள். என் மனைவி அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை. இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு ஊரிலேயே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நின்று பேசுவேன். என் சொந்தக்காரர்களில் ஒருவர்கூட "போய்த்தான் ஆகணுமா?" என்று என்னைக் கேட்கவில்லை. பிரிவும் கஷ்டமும் எங்களுக்கும் அதேதான். 2013-இல் ஸ்டேட் வங்கியின் முதல் பெண் தலைவரான அருந்ததி பட்டாச்சார்யாவின் கணவர் காரக்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்தவர். அவரவர் வேலை இருக்கிற ஊரில் அவரவர் என்று அவர்கள் வாழ்க்கையில் பல வருடங்கள் போயிருக்கின்றன. உங்கள் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

வைகைத்தென்றல் எழுதியது:

தோழி, நான் மறுத்து எழுதிக் கொடுத்தவள். வேறொரு பொதுத்துறை நிறுவனம். மகனுக்கு அப்போது வீசிங் அதிகம், வாரத்தில் பாதி நாள் நெபுலைசர்தான். அந்த நிலைமையில் போயிருக்க முடியாது, இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் செய்வேன். அதனால் "கண்டிப்பாகப் போ" என்று இங்கே எல்லோரும் சொன்னாலும் உங்கள் வீட்டு நிலவரம் உங்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் நாங்கள் ஒன்று செய்தோம். மறுக்கிற முடிவை என் முடிவாக விடவில்லை. அவரும் நானும் உட்கார்ந்து, அடுத்த தடவை வந்தால் நான் போவது, மகனை அவர் பார்த்துக்கொள்வது, அதற்காக அவர் ஷிஃப்ட் மாற்றிக்கொள்வது என்று பேசி, இரண்டு பேர் பெற்றோருக்கும் சேர்ந்தே போய்ச் சொன்னோம். அடுத்த முறை வந்தது. விசாகப்பட்டினம் போனேன். அப்போது என் மாமியார் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, ஏனென்றால் அவர்களுக்கு அது பழைய செய்தி.

இன்னொன்று, பிள்ளையின் வகுப்பைப் பாருங்கள். நான் போகும்போது மகன் எட்டாம் வகுப்பு. மொழி மாற்றி, சிலபஸ் மாற்றிக் கூட்டிப்போக வழியே இல்லை. இரண்டாம் வகுப்பு என்றால் இந்தி எழுத்தைப் பிள்ளை விளையாட்டுப் போலக் கற்றுக்கொள்ளும். தள்ளிப் போட்டு மகள் ஒன்பது, பத்து வரும்போது இந்த உத்தரவு வந்தால் அப்போது நீங்கள் நிஜமாகவே அசைய முடியாது. கூட்டிக்கொண்டு போவதாக இருந்தால் இதுதான் வயது.

தென்காசிக்காரன் எழுதியது:

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள். அந்த அம்மாவுக்கு சுகர் என்று பதிவிலேயே இருக்கிறது. பிள்ளையும் போய், மருமகளும் போய், மகன் பிரஸ்ஸிலேயே கிடந்தால் அந்த வீட்டில் ராத்திரி ஒரு மயக்கம் வந்தால் யார் பார்ப்பது? பதவி இன்னொரு முறை வரும். நான் பெண்கள் வேலைக்குப் போவதற்கு எதிரி இல்லை, என் தங்கையும் வேலை பார்க்கிறாள். ஆனால் வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போது யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். தப்பாக நினைக்க வேண்டாம் சகோதரி.

பாளைவாசி எழுதியது:

தென்காசிக்காரன் அண்ணன் கேட்டது சரியான கேள்வி, ஆனால் அதற்குப் பதில் மருமகள் பதவியை விடுவது ஒன்றுதான் என்று ஏன் முடிவு கட்ட வேண்டும்? அவர்கள் மகன் அதே ஊரில்தானே இருக்கிறார்.

நான் பாளையங்கோட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். என் மனைவி வங்கியில்தான். பிரமோஷனில் நாக்பூர் போட்டார்கள். மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு. முதல் வருடம் பிள்ளை என்னோடும் என் அம்மாவோடும் இருந்தது, அடுத்த வருடம் மனைவியோடு போனது. இரண்டையும் பார்த்துவிட்டேன், அதனால் சொல்கிறேன்.

என்னோடு இருந்த வருடம் காலை 8 மணியிலிருந்து 9 வரை கடை ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். அந்த ஒரு மணி நேரம் பிள்ளைக்கு. தலை பின்னுவதுதான் பெரிய பாடு. இரட்டைச் சடை போட்டு மடித்து ரிப்பன் கட்ட வேண்டும், இல்லையென்றால் பள்ளியில் டைரியில் எழுதி அனுப்புவார்கள். நான் பின்னினால் ஒன்று காதுக்கு மேலே, ஒன்று கழுத்துக்குக் கீழே நிற்கும். எதிர்வீட்டு மதினி இரண்டு நாள் சொல்லிக் கொடுத்தார்கள். முதலில் சீப்பு நுனியால் நடு வகிடு எடுத்து, ஒரு பக்கத்தை ரப்பர் பேண்டு போட்டு ஒதுக்கிவிட வேண்டும், அப்புறம்தான் அடுத்த பக்கத்தைத் தொட வேண்டும். எண்ணெய் கொஞ்சம் கூட இருந்தால் முடி பறக்காமல் நிற்கும். இப்படி ஒவ்வொன்றாகத்தான் எல்லாம் கைக்கு வந்தது. பள்ளி வாட்ஸப் குழுவில் இருந்தவர்கள் எல்லாம் அம்மாக்கள். என் எண்ணைச் சேர்க்கவே டீச்சர் தயங்கினார். மனைவியின் எண்ணை எடுத்துவிட்டு என்னுடையதைப் போடச் சொன்னேன். அதுதான் மிக உதவியது. அதற்கு முன்னால் "நாளைக்கு கலர் டிரெஸ்" என்பதுகூட நாக்பூர் போய் அங்கிருந்து எனக்கு வரும்.

கஷ்டம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ராத்திரி வீடியோ காலில் மகள் அம்மாவைப் பார்த்ததும் அழுவாள், போனை வைத்த பிறகு மனைவி அங்கே அழுதிருப்பாள். சில நாள் எங்களுக்குள் பேச்சே வராது. கணக்கு வழக்கு போலப் பேசி முடித்துவிடுவோம். அப்புறம் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். பிள்ளை தூங்கிய பிறகு இன்னொரு கால், அதில் வீட்டு விஷயம் பேசுவதில்லை. அவள் ஆபீஸ், என் கடை, சினிமா, என்னவோ.

இரண்டாவது வருடம் நாக்பூரில் கேந்திரிய வித்யாலயாவில் சீட் கிடைத்தது. மத்திய அரசு ஊழியர்களுக்கு அடுத்தபடி பொதுத்துறை ஆட்களின் பிள்ளைகளுக்கும் முன்னுரிமை உண்டு. கடந்த ஏழு வருடத்தில் எத்தனை மாற்றல் என்று பார்ப்பார்கள். மாற்றலில் போகிறவர்கள் நடுவில் கேட்டாலும், காலி இடம் இருந்தால் எடுத்துக்கொள்வார்கள்.

கரிசல்மகள் அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். உங்கள் வீட்டுக்காரருக்கு ஆடியிலிருந்து மார்கழி வரை வேலை. உங்களுக்கு மார்ச் குளோசிங். இரண்டும் ஒரே நேரத்தில் வரவில்லை. பொங்கல் முடிந்ததும் அவருக்குக் காலண்டர் வேலை ஓய்ந்துவிடுமே, ஜனவரி பிற்பாதியும் பிப்ரவரியும் அவர் அங்கே வந்து உங்களோடு இருக்கலாம். பிரஸ் வைத்திருப்பவர் லீவு கேட்க ஒரு மேனேஜரும் கிடையாது. உத்தியோகம் பார்க்கிற புருஷனுக்கு இல்லாத வசதி அவருக்கு இருக்கிறது. இதை நீங்கள் சொல்வதைவிட என்னைப் போல ஒரு கடைக்காரன் சொன்னால் எடுபடும். அவர் விரும்பினால் என்னோடு பேசட்டும், தனிச்செய்தியில் எண் தருகிறேன்.

கரிசல்மகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. காவிரிக்கரை ஐயா, முதல் வாழ்த்து உங்களிடமிருந்துதான். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

தென்காசிக்காரன் சகோதரருக்கு: அத்தையை நான் நினைக்காமல் இல்லை. பக்கத்துத் தெருவில் நாத்தனார் இருக்கிறார்கள். ராத்திரி அத்தை தனியாக இருக்கக் கூடாது என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் சீசனில் ராத்திரி வீடு வந்து சேர வேண்டியவர் அவர்களுடைய மகன். அதற்குப் பிரஸ்ஸில் ராத்திரி ஷிஃப்டுக்கு ஒரு ஆள் போட வேண்டும். அந்தச் சம்பளத்தை இந்த பிரமோஷனில் கூடும் பணத்திலிருந்தே கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன்.

பாளைவாசி தம்பி எழுதியதை அவரிடமே போனைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். சடை பின்னுகிற இடத்தில் சிரித்தார். வகிடு எடுக்கிற இடத்தை மறுபடி மேலே தள்ளிப் படித்தார். அப்புறம் ஒன்றும் பேசாமல் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுநாள் காலையில் பிரஸ்ஸுக்குக் கிளம்பும்போது, "பொங்கல் முடிஞ்சு ரெண்டு மாசம் நோட்டுப் புத்தக வேலை இருக்கும், அதை வேணா என் தம்பிகிட்ட விடலாம்" என்றார். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இந்த ஒரு மாதத்தில் அவராக வாய் திறந்து இது எப்படி நடக்கும் என்று பேசியது இதுதான் முதல் தடவை. நான் மேலே எதுவும் கேட்கவில்லை. வருகிற ஞாயிறு என் அப்பாவையும் நாத்தனார் வீட்டையும் கூப்பிட்டு, வைகைத்தென்றல் சொன்னது மாதிரி நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே சொல்வதாக இருக்கிறோம். அதற்குள் அவர் வாயால் ஒரு முடிவு வர வேண்டும். வராவிட்டாலும் மறுப்புக் கடிதத்தில் நான் கையெழுத்துப் போடப் போவதில்லை, அதையும் அவரிடம் சொல்லிவிட்டேன்.

விருப்ப ஊர்களை நேற்றே போர்ட்டலில் ஏற்றிவிட்டேன். சென்னையை முதலில் போட்டேன், பொதிகை எக்ஸ்பிரஸ் சிவகாசி வழியாகத்தானே போகிறது. அடுத்து கோயம்புத்தூர், பெங்களூரு. இரண்டு சுற்றறிக்கையின் தேதியையும் எழுதினேன், தீப்பெட்டி யூனிட் நோட்டைப் பற்றியும் எழுதினேன்.

பாப்பாவைக் கூடவே கூட்டிப்போவது என்று நினைக்கிறேன். அத்தையும் முதல் இரண்டு மாதம் வந்து இருப்பார்களா என்று கேட்கப் போகிறேன். ஊர் பார்க்கப் பிடிக்கும் அவர்களுக்கு. பாளைவாசி தம்பி, ஒரு சந்தேகம். கே.வி.க்கு நாங்கள் இங்கே டி.சி. வாங்கிக்கொண்டு போக வேண்டுமா, அங்கே சீட் உறுதியான பிறகு வாங்கலாமா? இப்போதே வாங்கிவிட்டு அங்கே இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வது?

பாளைவாசி எழுதியது:

அக்கா, சீட் உறுதியாகிற வரை டி.சி. வாங்காதீர்கள். நாங்கள் விண்ணப்பத்தோடு பிறப்புச் சான்றிதழ், மாற்றல் உத்தரவு, வங்கியில் வாங்கிய சர்வீஸ் சான்றிதழ் இவற்றைத்தான் முதலில் கொடுத்தோம். ஏழு வருட மாற்றல் விவரம் அந்தச் சான்றிதழில் தேதியோடு இருக்க வேண்டும், கிளை மாறியதையும் விடாமல் எழுதச் சொல்லுங்கள். சீட் என்று சொன்ன பிறகு டி.சி. கேட்டார்கள். வெளிமாநிலம் என்பதால் கல்வி அலுவலரின் மேலொப்பமும் கேட்டார்கள். அதற்கு ஆள் நேரில் போக வேண்டியிருந்தது, நான்தான் போய் வாங்கி ஸ்பீட் போஸ்டில் அனுப்பினேன். உங்களுக்கும் அந்த வேலையை அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள். எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்பிவிட்டேன், ராத்திரி பத்து மணிக்கு மேல் கூப்பிடச் சொல்லுங்கள், அப்போதுதான் கடை மூடியிருக்கும்.